இரண்டாம் நாள் சாம்பிள்

அண்ணி: பதிமூணு... பதினாலு... பதினஞ்சு.

நாத்தனார்: இன்னும் எத்தனை தடவை அண்ணி அந்த ஃபைலைப் புரட்டுவீங்க? காலையில இருந்து இது மூணாவது தடவை. புரட்டப் புரட்ட தாள் என்ன குட்டியா போடும்?

அண்ணி: தேதிவாரியா இருக்கான்னு பார்த்தேன்.

நாத்தனார்: ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாளாச்சு. பரீட்சை எழுதிட்டு வந்து பாடப் புஸ்தகத்துக்கு அட்டை போடுறீங்க.

அண்ணி: எல்லா ரிப்போர்ட்டும் இதுல இருக்கா?

நாத்தனார்: இருக்கு.

அண்ணி: எல்லாமே?

நாத்தனார்: ஏன், எதைத் தேடுறீங்க?

அண்ணி: ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். காலைக் கொஞ்சம் நகர்த்து. பையில எவ்வளவு வந்திருக்குன்னு பார்க்கறேன். ம்... முன்னூத்தம்பது. நிறம் நல்லாருக்கு. நேத்தைவிடத் தெளிவு.

நாத்தனார்: ஆரம்பிச்சிட்டாங்க. பதினெட்டு வருஷமா லேப்ல ஊர் மூத்திரத்தைப் பார்த்தது போதாதுன்னு, லீவு போட்டுட்டு வந்து இங்கே என் மூத்திரத்தைப் பார்க்கறாங்க.

அண்ணி: தொழில் அப்படி.

நாத்தனார்: நாத்தனார் மூத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரசிக்கிற ஒரே அண்ணி நீங்கதான்.

அண்ணி: அண்ணியைக் கொடுமைப்படுத்தத் தெரியாத ஒரே நாத்தனார் நீதான். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு.

நாத்தனார்: இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. வீட்டுக்குப் போனதும் ஆரம்பிக்கிறேன்... ஐயோ, ஐயோ, அந்த ஆளைப் பாருங்களேன்!

அண்ணி: யாரை?

நாத்தனார்: கீழே, வண்டி நிறுத்தற இடத்துல. ரிவர்ஸ்ல போறாரு, கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேங்கறாரு. இடது பக்கம் ஒடிங்க... இன்னும் ஒடிங்க... போச்சு. எங்க டிரைவிங் ஸ்கூல் கார் மாதிரி என் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருந்திருந்தா இந்நேரம் மிதிச்சிருப்பேன்.

அண்ணி: மாஸ்டரே, நீ படுக்கையில இருக்கே. ஞாபகம் இருக்கட்டும்.

நாத்தனார்: கால் தானா அழுத்துது அண்ணி. ஒன்பது வருஷப் பழக்கம். அடுத்தவங்க வண்டி ஓட்டறப்போ எனக்குக் கால் சும்மா இருக்காது.

நர்ஸ்: யாரு இங்கே பிரேக் பிடிக்கறது? வயித்துல தையல் போட்ட ஆளு.

நாத்தனார்: வாங்க சிஸ்டர். புது முகமா இருக்கீங்க.

நர்ஸ்: நேத்து வரைக்கும் குழந்தைங்க வார்டு. அங்கே அழுவாங்க, இங்கே பேசறீங்க. கையைக் காட்டுங்க, பிபி பார்க்கணும். இன்னைக்கு எக்ஸ்ரே, தெரியும்ல?

நாத்தனார்: தெரியும். ஆனா என்ன பண்ணுவாங்கன்னு யாரும் முழுசாச் சொல்லல.

நர்ஸ்: இந்த டியூப் வழியாவே மருந்துத் தண்ணியை உள்ளே ஏத்துவாங்க. மூத்திரப்பை ரொம்பினதும் படம் எடுப்பாங்க. தையல் போட்ட இடத்துல கசியலேன்னா டியூப்பை எடுத்துடலாம். கசிஞ்சா இன்னும் ஒரு வாரம் இதே பையோட நடக்கணும்.

நாத்தனார்: எடுத்துட்டா வீட்டுக்கா?

நர்ஸ்: அவ்வளவு அவசரமா? எடுத்த பிறகு நீங்களா ஒண்ணுக்குப் போகணும். முழுசாப் போகணும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போகலேன்னா மறுபடி டியூப்தான்.

நாத்தனார்: நாலு வருஷமா மாசாமாசம் அஞ்சு நாள் கால் மணிக்கு ஒரு தடவை ஓடினவ நான். என்னைப் போய் வரலேன்னு சொல்றீங்க!

நர்ஸ்: வெட்டித் தைச்ச பை. பத்து நாள் சும்மா படுத்திருந்தது. வேலை மறந்து போயிருக்கும். பேசாதீங்க, கருவி தப்பாக் காட்டும்... ம். நல்லாருக்கு. கேஸ் ஷீட்டைப் படிச்சேன். மூத்திரப்பையில எண்டோமெட்ரியோசிஸ்னு நான் புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன். எப்படிம்மா கண்டுபிடிச்சாங்க?

நாத்தனார்: நோட்டுப் புஸ்தகத்தை வெச்சு.

நர்ஸ்: விளையாடாதீங்க.

அண்ணி: நிஜம்தான் சிஸ்டர்.

நாத்தனார்: நான் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கறேன். ஒரு வகுப்பு நாப்பது நிமிஷம். நடுவுல எனக்கு ஒண்ணுக்கு முட்டினா வண்டியை ஓரம் கட்டணும். அந்த நிமிஷத்தை நோட்டுல எழுதி, அடுத்த நாள் அவங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கணும். இல்லேன்னா சண்டைக்கு வருவாங்க.

அண்ணி: ஊர்ல எந்தெந்தத் தெருவுல பாத்ரூம் இருக்குன்னு மனப்பாடமாத் தெரியும் இவளுக்கு. இவகிட்ட கத்துக்கிட்டவங்களுக்கெல்லாம் பாத்ரூம் வாசல்ல பார்க்கிங் போடறது மட்டும் அருமையா வரும்.

நாத்தனார்: சிரிங்க, சிரிங்க... அந்த நோட்டைத்தான் பெண்கள் டாக்டரம்மாகிட்ட கொண்டு போனோம். புரட்டிக்கிட்டே வந்தாங்க. மாசத்துல இருபத்தஞ்சு நாள் சுழி. அப்புறம் பன்னெண்டு நிமிஷம், பதினெட்டு, இருபது. அஞ்சு நாள். மறுபடி சுழி. அடுத்த மாசமும் அப்படியே. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "உன் ரிப்போர்ட் இதுதாம்மா, நாலு வருஷமா நீயே எழுதியிருக்கே"ன்னாங்க.

நர்ஸ்: அட! நோட்டைக் கொண்டு போகணும்னு யாருக்குத் தோணிச்சு?

நாத்தனார்: அண்ணிக்கு. மூத்திர டாக்டரா பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஆளை, பெண்கள் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனதே இவங்கதான்.

நர்ஸ்: லேப்ல இருக்கறவங்கல்ல? கெட்டிக்காரங்கதான்.

அண்ணி: ...கெட்டிக்காரியெல்லாம் இல்ல சிஸ்டர்.

நர்ஸ்: ஆனா யூரின் டெஸ்ட்ல முன்னாடியே ஏதாவது தெரிஞ்சிருக்கணுமே. கர்ப்பப்பைக்குள்ள இருக்கற மாதிரிச் சவ்வு மூத்திரப்பைச் சுவத்துல வளருது. மாசாமாசம் அது மாதிரியே இதுவும் வீங்கும், கசியும்...

அண்ணி: மாதவிலக்கு நாள்ல நாங்க சாம்பிள் வாங்க மாட்டோம். தூரமான ரத்தம் கலந்துடும், ரிப்போர்ட் தப்பா வரும். முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடுவோம். எல்லா லேப்லயும் அதுதான் வழக்கம்.

நர்ஸ்: நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்.

நாத்தனார்: வலி இருக்கற நாள்ல டெஸ்ட் கிடையாது. டெஸ்ட் எடுக்கற நாள்ல வலி கிடையாது. திருடன் போன பிறகு காவலுக்கு நிக்கற மாதிரி. ஒவ்வொரு தடவையும் சுத்தமான ரிப்போர்ட். கிருமியில்ல, சீழ் இல்ல, ஒண்ணுமில்ல. நிறையத் தண்ணி குடிங்க.

நர்ஸ்: ஒரு தடவைகூட அந்த நாள்ல கொடுத்துப் பார்க்கலையா?

அண்ணி: இல்ல.

நாத்தனார்: இல்ல.

நர்ஸ்: ரெண்டு பேரும் ஒரே தாளத்துல பதில் சொல்றீங்க.

நாத்தனார்: ஒரே வீடு சிஸ்டர். ஒத்துப் போயிடும்.

நர்ஸ்: பெரிய டாக்டரம்மா இன்னைக்குக் காலையில எங்களுக்குச் சொன்னாங்க, இந்தப் பொண்ணுக்கு மூணு வருஷம் முன்னாடியே பிடிச்சிருந்தா மாத்திரையிலயே அடக்கி...

நாத்தனார்: சிஸ்டர், இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?

நர்ஸ்: பின்னாடி.

அண்ணி: மூணு வருஷம்னா சொன்னாங்க?

நர்ஸ்: ஆமா. மூணு சென்டிமீட்டர் ஆகிறதுக்குள்ள...

நாத்தனார்: டாக்டருங்க எல்லாரும் சொல்றதுதான். முன்னாடியே வந்திருக்கக் கூடாதான்னு. பல்லு பிடுங்கறவர்கூட அதைத்தான் சொல்வாரு. வண்டி வந்துடுச்சா சிஸ்டர்? போகலாமா?

நர்ஸ்: இருங்க, தள்ளுநாற்காலி கொண்டு வரேன். பையை மடியில வெச்சுக்குங்க, இடுப்புக்கு மேலே தூக்காதீங்க.

அண்ணி: ...மூணு வருஷம்னு ஏன் சொன்னாங்க?

நாத்தனார்: நாலுன்னு சொல்ல மனசு வரல போல. அண்ணி, அந்தச் செருப்பை எடுத்துக் கொடுங்க.

*

அண்ணி: குளிருதா?

நாத்தனார்: உள்ளே குளிர்ந்துச்சு. தண்ணியை ஏத்தறப்போ அடிவயித்துல பனிக்கட்டி வெச்ச மாதிரி... அண்ணி, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அந்தக் கேமரா டெஸ்ட் பண்ணின நாள்.

அண்ணி: ம்.

நாத்தனார்: பாதி ரொம்பின பையோட ஸ்கேன் எடுத்து, சுவத்துல ஏதோ தடிப்பா இருக்குன்னாங்க. அப்புறம் கேமரா விட்டுப் பார்க்கணும், தூரமான ரெண்டாம் நாள் வாங்கன்னாங்க. எனக்குக் காதை நம்பவே முடியல. நாலு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தங்க, அந்த நாள்லயே வான்னு சொல்றாங்க. திரையை என் பக்கமாத் திருப்பிக் காட்டினாங்க. உள்ளே எல்லாம் வெளிர் ரோஸ், பட்டு மாதிரி. மேல்சுவத்துல மட்டும் ஒரு மேடு. கருநீலம். வெள்ளைத் துணியில மை ஊறின மாதிரி. எனக்கு பயமே வரல அண்ணி. அழுகைதான் வந்துச்சு. இருக்கு... நிஜமாவே ஒண்ணு இருக்கு, நான் பைத்தியம் இல்லன்னு.

அண்ணி: அப்படிச் சொல்லாதே.

நாத்தனார்: ஏன்? சொன்னாங்கதானே. உடம்புல ஒண்ணுமில்ல, மனசுலதான்னு அந்த மூத்திர டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தாரே. ஆறு மாசம் தூக்க மாத்திரை சாப்பிட்டேன். வகுப்புல கண்ணு சொக்கி, ஒரு பையன் நேராக் கம்பத்துல கொண்டு போய் விட்டான். உங்க வீட்டுக்காரர்கூட சொன்னாரு, "எந்நேரமும் இன்ஜின் சூட்டுல உட்கார்ந்தா அப்படித்தான், வேற வேலை பாரு"ன்னு.

அண்ணி: உங்க அண்ணனுக்கு எதுக்கெடுத்தாலும் சூடுதான். நகம் உடைஞ்சாலும் சூடு.

நாத்தனார்: ஆபரேஷன் அன்னைக்கு அழுதாராமே?

அண்ணி: அழுதாரு. நாலு மணி நேரம் வராந்தாவுல நடந்தாரு. உள்ளேயிருந்து ஒரு டாக்டர் கேமரா வெளிச்சத்தைக் காட்டுவாராம், வெளியே இருந்து இன்னொருத்தர் அந்த வெளிச்சத்தைச் சுத்தி வெட்டுவாராம்னு நான் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துட்டாரு. வெட்டினதை டப்பாவுல போட்டுக் கொண்டு வந்து காட்டினாங்க. அவர் திரும்பிக்கிட்டாரு. நான் பார்த்தேன்.

நாத்தனார்: எப்படி இருந்துச்சு?

அண்ணி: சின்னதா இருந்துச்சு. இவ்வளவுதான்.

நாத்தனார்: இவ்வளவுக்கா அவ்வளவு ஆட்டம்!

அண்ணி: கிட்னியில இருந்து குழாய் வந்து சேர்ற வாய்க்கு ரெண்டு விரல் தள்ளி இருந்துச்சாம். அதைத் தொட்டிருந்தா ஆபரேஷன் இன்னும் பெரிசாகியிருக்குமாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா...

நாத்தனார்: விடலையே. நீங்கதானே இழுத்துட்டு வந்தீங்க.

அண்ணி: ...

நாத்தனார்: என்ன அண்ணி?

அண்ணி: ஒண்ணுமில்ல.

நாத்தனார்: பத்து நாளா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சொல்றீங்க. உங்க லேப் ரிப்போர்ட் மாதிரியே. ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னேன். மூஞ்சியைப் பாரு! சிஸ்டர் வர்றாங்க. படம் வந்துடுச்சு போல.

நர்ஸ்: என்ன, ரெண்டு பேரும் உம்முனு இருக்கீங்க? கசிவே இல்ல. பலூன் மாதிரி அழகா உப்பி நின்னுச்சாம். டாக்டரம்மா எடுக்கச் சொல்லிட்டாங்க.

நாத்தனார்: இப்பவேவா?

நர்ஸ்: நல்ல நேரமா பார்க்கப் போறீங்க? கட்டிலுக்கு வாங்க. ரெண்டு நிமிஷ வேலை.

*

நர்ஸ்: டியூப்பை எடுத்து நாலு மணி நேரமாச்சு. என்ன நிலவரம்?

நாத்தனார்: ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சாச்சு. உள்ளே ரொம்பியிருக்கு, நல்லாத் தெரியுது. போய் உட்கார்ந்தா வரமாட்டேங்குது.

நர்ஸ்: மணி அஞ்சேகால். இன்னும் ஒரு தடவை போய் உட்காருங்க. முக்கக் கூடாது. குழாயைத் திறந்து விடுங்க, தண்ணிச் சத்தம் கேட்டா சில பேருக்கு வரும். நான் ஆறு மணிக்கு வரேன். புது டியூப்போட வர வெச்சுடாதீங்க.

அண்ணி: எழுந்திரு. மெதுவா... என் தோளைப் பிடிச்சுக்கோ.

நாத்தனார்: தாழ்ப்பாள் போட மாட்டேன். ஆனா உள்ளே வந்துடாதீங்க.

அண்ணி: வரல. வாஷ்பேசின் வெளியேதானே இருக்கு, குழாயை நான் இங்கேருந்தே திறந்து விடறேன்... போதுமா?

நாத்தனார்: இன்னும் கொஞ்சம்.

அண்ணி: இப்போ?

நாத்தனார்: ம்.

அண்ணி: ரெண்டு நிமிஷமாச்சு. வருதா?

நாத்தனார்: நீங்க கேட்டா வர்றதும் நின்னுடும்.

அண்ணி: சரி, கேக்கல.

நாத்தனார்: பயமா இருக்கு அண்ணி.

அண்ணி: எதுக்கு?

நாத்தனார்: மறுபடி டியூப்புன்னா... எப்பவுமே இப்படியே ஆயிடுமோன்னு. அவ்வளவு வருஷம் நிறுத்த முடியாம ஓடினேன். இப்ப தொடங்கவே முடியல. ஏதாவது பேசுங்களேன். சும்மா இருந்தா நினைப்பு பூரா இதுலயே இருக்கு.

அண்ணி: என்ன பேசறது?

நாத்தனார்: எதையாவது. லேப் கதை சொல்லுங்க.

அண்ணி: லேப் கதை...

நாத்தனார்: ம்.

அண்ணி: ...ஒண்ணு இருக்கு. பத்து நாளா வாய் வரைக்கும் வந்து வந்து போகுது. நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கறதால சொல்லிடறேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் நீயே லேப்புக்கு வந்தே. காலையில எட்டு மணி இருக்கும். வகுப்புக்குப் போற வழியில வந்தே, வாசல்ல வண்டியில யாரோ உனக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. பாட்டிலை நீட்டினே. முடிஞ்சுடுச்சான்னு கேட்டேன். முடிஞ்சு மூணு நாளாச்சுன்னு சொன்னே. முடியல. அன்னைக்கு உனக்கு ரெண்டாவது நாள். எனக்குத் தெரியும். வீட்ல ஒரே பாத்ரூம், ஒரே குப்பைக் கூடை... இது தெரியாம இருக்குமா? உதடெல்லாம் வெளுத்துப் போய் நின்னே. வலி தாங்காமதான் இவ பொய் சொல்றான்னு புரிஞ்சுது. ஒண்ணும் கேக்காம வாங்கிக்கிட்டேன். மைக்ராஸ்கோப் லென்ஸ்ல கண்ணை வெச்சேன். வட்டம் பூரா சிவப்பணு. எண்ண முடியாத அளவுக்கு. கேக்குதா?

நாத்தனார்: கேக்குது.

அண்ணி: வேற யாரோட சாம்பிளா இருந்தாலும் கண்ணால பார்த்ததை எழுதியிருப்பேன். உன்னோடதுங்கறதால நான் கண்ணை நம்பல. குப்பைக் கூடையை நம்பினேன். இது தூரமான ரத்தம், இதை இப்படியே எழுதினா கல்லு, கட்டின்னு இந்தப் பொண்ணை அலைய விடுவாங்கன்னு நினைச்சேன். சிவப்பணு 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்கு நல்லது பண்றதா நினைப்பு. அந்தத் தாளைப் பார்த்துத்தான் அந்த டாக்டர் மனசுலதான்னு எழுதினாரு. பதினெட்டு வருஷத்துல நான் பொய்யா எழுதின ரிப்போர்ட் அது ஒண்ணுதான். அதுவும் உனக்கு.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: இரு, முடிச்சுடறேன். போன வருஷம் லேப்ல வேற ஒருத்தங்களோட சாம்பிள். வயசான அம்மா, அவங்களுக்கு எப்பவோ தூரம் நின்னுபோச்சு. வட்டம் பூரா அதே சிவப்பு. அதைப் பார்த்ததும் உன் பாட்டில் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே உன் நோட்டை எடுத்துப் புரட்டினேன். அதனாலதான் உன்னை இழுத்துட்டுப் போனேன். கெட்டிக்காரத்தனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குத்தம் குத்திச்சு. அந்தத் தாளைத்தான் பத்து நாளாத் தேடறேன். பதினாறு இருக்கணும். பதினஞ்சுதான் இருக்கு. டாக்டரம்மா எடுத்து வெச்சுக்கிட்டாங்களா? அதைப் பார்த்துத்தான் மூணு வருஷம்னு சொன்னாங்களா? உன்கிட்ட ஏதாவது கேட்டாங்களா?

நாத்தனார்: ...

அண்ணி: என்னடி, பேச மாட்டியா? திட்டவாவது திட்டு.

நாத்தனார்: ரெண்டாம் நாள் கொடுத்த சாம்பிள்ல ரத்தம் இல்லைன்னு வந்தா, எழுதினவங்க எனக்காக எழுதியிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா அண்ணி? என் பொய்யைக் காட்டிக் கொடுக்கலேன்னு அன்னைக்கு சந்தோஷப்பட்டேன், அதனாலதான் இத்தனை வருஷம் வாயே திறக்கல. "அந்த நாள்ல ஒரு டெஸ்ட்கூட எடுக்கலையா"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க, எடுக்கலைன்னுட்டேன். அவங்ககிட்ட முதல் தடவை போன அன்னைக்கே, நீங்க கார்ல இருந்து இறங்கறதுக்குள்ளயே அந்தத் தாளை ஃபைல்ல இருந்து உருவிட்டேன், கீழே உங்க கையெழுத்து இருந்துச்சே... இன்னும் அந்த ஸ்கூல் கார்லதான், என் பக்கத்து பிரேக்குக்குக் கீழே, மிதியடிக்கு அடியில இருக்கு. சரி, அந்தக் குழாயை மூடுங்க. தண்ணிச் சத்தம் இனிமே தேவையில்ல.